ஒரே சார்ஜில் ஆயிரம் கிலோமீட்டர்: எந்த வேகத்தில்?

2025 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தன் ஷெவர்லே சில்வராடோ மின்சார பிக்கப் வண்டி ஒரே சார்ஜில் 1,059.2 மைல், அதாவது 1,704 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தொலைவு, ஓடிவிட்டதாக அறிவித்தது. அந்த வண்டிக்கு நிறுவனமே சொல்லும் வழக்கமான ரேஞ்ச், அதாவது ஒரே சார்ஜில் ஓடக்கூடிய தொலைவு, 492 மைல். அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஓடியிருக்கிறது என்றால் யாருக்கும் வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அறிவிப்பை முழுதாகப் படித்தவர்களுக்கு இன்னொரு எண்ணும் கண்ணில் பட்டிருக்கும். வண்டி ஓட்டப்பட்ட வேகம் மணிக்கு 20 முதல் 25 மைல். நம் கணக்கில் 32 முதல் 40 கிலோமீட்டர். டயர்களில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவுக்குக் காற்று நிரப்பியிருந்தார்கள். உதிரிச் சக்கரத்தைக் கழற்றி எடைக் குறைப்பு செய்திருந்தார்கள். பின்பக்கச் சரக்குத் தொட்டியை மூடியிட்டு மறைத்திருந்தார்கள். கண்ணாடித் துடைப்பான்களைக்கூடக் காற்றில் தடுக்காதபடி தாழ்த்தி வைத்திருந்தார்கள். ஏசி போடவே இல்லை. பொறியாளர்கள் பலர் முறைவைத்து மாறி மாறி ஓட்டினார்கள்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. செய்ததையெல்லாம் அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். செய்தி கைமாறும்போதுதான் தொலைவு தலைப்பில் தங்கிவிடுகிறது, வேகம் உதிர்ந்துவிடுகிறது. மின்சாரக் கார்களின் நெடுந்தொலைவுச் சாதனைகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் எனக்கு ஏற்பட்டுள்ள பழக்கம் இதுதான்: கிலோமீட்டரைப் பார்த்தவுடன் அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைத் தேடுவேன். நேரம் தரப்படாவிட்டால் அந்தச் சாதனையை மதிப்பிடுவதில்லை. ஏன் என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

2020 ஜூலை 22 முதல் 24 வரை, ஜெர்மனியின் லாவுசிட்ஸ்ரிங் பந்தயத் தடத்தில் ஹூண்டாய் நிறுவனம் மூன்று கோனா எலக்ட்ரிக் கார்களை ஒரே சார்ஜில் பேட்டரி தீரும்வரை ஓட்டியது. டெக்ரா என்னும் சோதனை அமைப்பு உடனிருந்து கண்காணித்தது. மூன்று கார்களும் ஓடிய தொலைவு முறையே 1,018.7, 1,024.1, 1,026 கிலோமீட்டர். ஐரோப்பியச் சோதனைமுறைப்படி அந்தக் காரின் ரேஞ்ச் 484 கிலோமீட்டர்தான். பேட்டரியின் கொள்ளளவு 64 கிலோவாட் மணி, அதாவது நம் மின்வாரியக் கணக்கில் 64 யூனிட். மூன்று கார்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதே இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒரு கார் தற்செயலாக நன்றாக ஓடிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. சராசரி வேகம் மணிக்கு 29 முதல் 31 கிலோமீட்டர். ஏசியும் பொழுதுபோக்குத் திரையும் அணைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 35 மணி நேரத்துக்கு 64 யூனிட் என்றால், கார் சராசரியாக எடுத்துக்கொண்ட மின்சாரம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் வாட்டர் ஹீட்டர் எடுப்பதைவிடச் சற்றுக் குறைவு.

இந்த 30 கிலோமீட்டர் வேகம் தற்செயலானது அன்று. கார் ஓடும்போது மின்சாரம் மூன்று வழிகளில் செலவாகிறது. டயர் சாலையில் உருளுவதால் ஏற்படும் தடையை வெல்ல ஒரு பங்கு போகிறது; மெதுவாக ஓட்டினாலும் வேகமாக ஓட்டினாலும் ஒரு கிலோமீட்டருக்கு இந்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை. இரண்டாவது காற்றின் தடை. இது வேகத்தின் இருமடியாக உயர்கிறது, ஆகவே வேகம் மும்மடங்கானால் ஒரு கிலோமீட்டருக்கான செலவு ஒன்பது மடங்காகிறது. மூன்றாவது, கார் நின்றாலும் ஓடினாலும் எரிந்துகொண்டே இருக்கும் செலவு: விளக்கு, கணினி, பம்பு, ஏசி. இந்த மூன்றாவது செலவு மணிக்கணக்கில் ஏறுவது என்பதால், வண்டி மெதுவாகப் போகப் போக ஒரு கிலோமீட்டருக்கு அதன் பங்கு கூடுகிறது. காற்றுத்தடை மெதுவாகப் போகச் சொல்லுகிறது, இந்த மூன்றாவது செலவோ சீக்கிரம் போகச் சொல்லுகிறது; இரண்டும் சமாதானம் ஆகும் இடத்தில்தான் மிக அதிகத் தொலைவு கிடைக்கும்.

கோனாவின் எடை, முகப்புப் பரப்பு முதலியவற்றை வைத்துக்கொண்டு நானே தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 100 கிலோமீட்டருக்கு உருளல் தடைக்கு ஏறத்தாழ 4 யூனிட், காற்றுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு, விளக்கு கணினி வகையறாவுக்கு ஒரு யூனிட், மோட்டார் முதலியவற்றில் வீணாவது அரை யூனிட் என்று வந்தது. கூட்டினால் 6 யூனிட்டைத் தாண்டுகிறது. லாவுசிட்ஸ்ரிங்கில் அளக்கப்பட்டதும் 6.24 முதல் 6.28 வரைதான். அதே காரை 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் காற்றுக்கு மட்டுமே 10 யூனிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கணக்கின்படி ஏசி இல்லாதபோது மிகச் சிக்கனமான வேகம் மணிக்கு 26 கிலோமீட்டர் அளவில் வருகிறது. ஏசி ஒரு கிலோவாட் எடுக்கிறது என்று வைத்தால் அந்தச் சிக்கன வேகம் 42 கிலோமீட்டருக்கு உயர்கிறது, 1,000 கிலோமீட்டர் ஓடக்கூடிய கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் 670 கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது. சாதனைக்காரர்கள் ஏன் வியர்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள் என்பது இப்போது விளங்கும். என் காரில் சித்திரை மாதத்து நகர நெரிசலில் ரேஞ்ச் ஏன் அப்படிக் கரைகிறது என்பதும் எனக்கு இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் முழுமையாக விளங்கியது.

ஆயிரம் கிலோமீட்டரைத் தொட்ட முதல் சாதனைகளில் பேர்பெற்றது கோனாவுக்குப் பத்தாண்டுகள் முந்தையது. ஜப்பான் மின்வாகனக் கழகம், டைஹட்சு மீரா என்னும் சிறிய பெட்ரோல் காரின் எஞ்சினை எடுத்துவிட்டு, சான்யோ நிறுவனத்தின் உருளை வடிவ லித்தியம் அயனி செல்கள் 8,320ஐ அதில் அடுக்கியது. மடிக்கணினிகளில் அந்நாளில் இருந்த அதே வகைச் செல்கள்தாம். 2009 நவம்பரில் அந்தக் கார் தோக்கியோவிலிருந்து ஒசாகா வரை 555.6 கிலோமீட்டரை ஒரே சார்ஜில் பொதுச் சாலையில் கடந்தது. அடுத்த ஆண்டு மே 22, 23 தேதிகளில் இபாராக்கி மாகாணத்தின் ஷிமோத்சுமாவில் உள்ள தடத்தில், 17 ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்ட, ஏறத்தாழ இருபத்தேழரை மணி நேரத்தில் 1,003.184 கிலோமீட்டர் ஓடியது. மொத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 36 கிலோமீட்டர். இந்தக் காலக்கட்டத்தை நினைவில் வைத்துப் பார்த்தால்தான் இதன் பெருமை தெரியும். அதே 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரி 24 யூனிட். அமெரிக்கச் சோதனையில் அதன் ரேஞ்ச் 73 மைல், அதாவது 117 கிலோமீட்டர். மின்சாரக் கார் என்றால் ஊருக்குள் சுற்றிவர மட்டுமே என்று எல்லாரும் நினைத்த ஆண்டில், ஒரு கழகத்தார் சிற்றுந்து ஒன்றில் செல்களை அடுக்கி ஆயிரத்தைத் தாண்டிக் காட்டினார்கள்.

மீரா தோக்கியோவிலிருந்து புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 2009 அக்டோபரில், ஆஸ்திரேலியத் தொழில்முனைவர் சைமன் ஹாக்கெட் தன் டெஸ்லா ரோட்ஸ்டரை ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து தெற்கே பாலைநிலச் சாலையில் 501 கிலோமீட்டர் ஒரே சார்ஜில் ஓட்டியிருந்தார். விற்பனைக்கு வந்த காரில், திறந்த நெடுஞ்சாலையில், எதிர்க்காற்றையும் ஏற்ற இறக்கத்தையும் சந்தித்துக்கொண்டு ஓட்டியது என்பதால், எண்ணில் சிறிதானாலும் அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

2010இல் இன்னொரு சாதனையும் செய்தியில் அடிபட்டது. அது ஒரு சிக்கலான கதை. அக்டோபர் மாதம், டிபிஎம் எனர்ஜி என்னும் சிறிய நிறுவனத்தின் பேட்டரி பொருத்தப்பட்ட ஆவ்டி ஏ2 கார் ஒன்று மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு ஒரே சார்ஜில் வந்துசேர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. தொலைவு 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சராசரி வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்றார்கள். காரை ஓட்டிவந்தவர் நிறுவனத்தின் இளம் தலைவர் மிர்கோ ஹானமன். ஜெர்மனியின் பொருளாதார அமைச்சகம் நிதியுதவி அளித்திருந்த திட்டம் என்பதால் அமைச்சர் ரெய்னர் புரூடர்லே நேரில் வரவேற்றார். நான் மேலே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால், 90 கிலோமீட்டர் வேகத்தில் 600 என்பது 36 கிலோமீட்டர் வேகத்தில் 1,000 என்பதைவிட எந்த விதத்திலும் எளிதானது அன்று. ஆகவே வல்லுநர்கள் நெற்றியைச் சுருக்கினார்கள்; பேட்டரியைத் திறந்து காட்டும்படி கேட்டார்கள். சில வாரங்களில், டிசம்பரில், கார் நிறுத்திவைக்கப்பட்டிருந்த கிடங்கில் தீப்பிடித்துக் கார் எரிந்துபோனது. சந்தேகப்பட்டவர்களுக்கு இது போதாதா? பேச்சு பலவாறாக வளர்ந்தது.

2011இல் அந்த நிறுவனம் வேறொரு காரில் சிறிய பேட்டரியைப் பொருத்திச் சுதந்திரமான சோதனைக்குக் கொடுத்தது. சோதித்தது, பின்னாளில் கோனாவைக் கண்காணித்த அதே டெக்ரா அமைப்பு. ஏறத்தாழ 63 யூனிட் பேட்டரியில், சோதனை உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே சக்கரம் சுழன்று, 455 கிலோமீட்டர் ஓடியது என்று முடிவு வந்தது. அந்த விகிதத்தில் பார்த்தால் மியூனிக் முதல் பெர்லின் வரையிலான ஓட்டம் நடக்கக்கூடாத ஒன்றாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நடக்கக்கூடியது என்பதும் நடந்தது என்பதும் ஒன்றாகிவிடாதே. மூன்றாம் தரப்புச் சாட்சி உடன் இல்லாமல் ஓட்டிய ஓட்டம், எரிந்த காரோடு சேர்ந்து கேள்விக்குறியாகவே நின்றுவிட்டது. இன்று சாதனை முயற்சிகளில் மேற்பார்வையாளர்களும் பதிவுக் கருவிகளும் ஓயாத வீடியோவும் இருப்பதைப் பார்த்து அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

ஒரே சார்ஜில் அதிகத் தொலைவு என்ற போட்டி மின்சாரக் காரோடு கூடவே பிறந்தது. பிரான்ஸின் லூயி கிரீஜர் 1901இலேயே பாரிஸிலிருந்து ஷாத்தல்ரோ வரை 307 கிலோமீட்டர் ஒரே சார்ஜில் ஓட்டினார். அவரிடம் இருந்தது ஈய அமில பேட்டரி. அமெரிக்காவின் டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார் ஒரு சோதனையில் 211 மைல் ஓடியது. அந்தக் கார்களும் மெதுவாகத்தான் ஓடின. ஈய அமில பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வேகமாக இழுத்தால் அதன் கொள்ளளவே சுருங்கிவிடும் என்பதால், மெதுவாக ஓட்டுவதன் ஆதாயம் கிரீஜர் போன்றவர்களுக்கு இரட்டிப்பாகக் கிடைத்தது.

மாணவர்கள் கட்டும் ஒற்றை இருக்கை வண்டிகள் தனி இனம். ஜெர்மனியின் ஆஃபன்பர்க் உயர்கல்வி நிறுவனத்து மாணவர்களின் ஷ்லுக்ஷ்பெக்ட் 2011இல் 1,631.5 கிலோமீட்டர் ஓடியது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களின் வண்டி 2023இல் மியூனிக் விமான நிலையத்தின் விமானக் கொட்டகை ஒன்றுக்குள் சுற்றிச் சுற்றி 2,573.79 கிலோமீட்டர் ஓடியது, பேட்டரி 15.5 யூனிட்தான், வண்டியின் எடை 170 கிலோ, ஓடிய நேரம் 99 மணி. 100 கிலோமீட்டருக்கு 0.6 யூனிட் என்பது ஆச்சரியமான எண் என்பதில் ஐயமில்லை. ஆனால் மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்கிய கூரையின் கீழ், மணிக்கு 26 கிலோமீட்டர் வேகத்தில், ஒருவர் படுத்தவாறு ஓட்டும் வண்டியைக் காருடன் வைத்து ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது பொறியியல் பயிற்சி, நல்ல பயிற்சி.

நான் தலைவணங்கும் சாதனைகள் வேறு. 2022 ஏப்ரலில் மெர்சிடீஸ் நிறுவனம் தன் விஷன் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் என்னும் சோதனைக் காரை ஜெர்மனியின் ஜிண்டல்ஃபிங்கனிலிருந்து சுவிட்சர்லாந்து, வட இத்தாலி வழியாக, பிரான்ஸின் தென்கடற்கரையிலுள்ள கஸ்ஸி வரை ஒரே சார்ஜில் ஓட்டியது. தொலைவு 1,008 கிலோமீட்டர். எடுத்துக்கொண்ட ஓட்ட நேரம் 11 மணி 32 நிமிடம், சராசரி வேகம் மணிக்கு 87.4 கிலோமீட்டர், ஆட்டோபான் என்னும் ஜெர்மன் அதிவேகச் சாலையில் 140 கிலோமீட்டர் வரை போயிருக்கிறது. பொதுச் சாலை, வழக்கமான போக்குவரத்து, ஆல்ப்ஸ் மலை. சென்று சேர்ந்தபோதும் இன்னும் 140 கிலோமீட்டர் ஓடுவதற்குப் பேட்டரியில் மீதம் இருந்தது. 100 கிலோமீட்டருக்கு 8.7 யூனிட். கோனா 30 கிலோமீட்டர் வேகத்தில் செலவிட்டதைவிட இரண்டரை யூனிட்தான் அதிகம், ஆனால் ஏறத்தாழ மும்மடங்கு வேகத்தில்! காற்றுத்தடைக் குணகம் (குறையக் குறைய நல்லது) 0.17 என்ற அளவுக்கு உடலை இழைத்திருந்ததும், உருளல் தடை குறைந்த டயர்களும், மின்சாரத்தில் 95 சதவீதத்தைச் சக்கரம் வரை கொண்டுசேர்க்கும் இயக்க அமைப்பும் சேர்ந்து செய்த வேலை அது. அதே ஆண்டு ஜூனில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் வரை 1,202 கிலோமீட்டர் சென்றது. 2024 மார்ச்சில் ரியாத்திலிருந்து துபாய் வரை 1,010 கிலோமீட்டரை, பாலைவன வெயிலில், 100 கிலோமீட்டருக்கு 7.4 யூனிட் செலவில் கடந்தது. பேட்டரியைப் பெரிதாக்கித் தொலைவைக் கூட்டுவது பணம் இருந்தால் முடியும். இருநூறு யூனிட்டுக்கும் மேல் சுமக்கும் சில்வராடோ 35 கிலோமீட்டர் வேகத்திலேயே 100 கிலோமீட்டருக்கு 12 யூனிட்டுக்குக் குறையாமல் செலவிட்டது என்பதை இதனருகில் வைத்துப் பார்த்தால், எது கடினமான வேலை என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இந்த வரிசையில் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக மாணவர்களையும் சேர்க்க வேண்டும். அவர்களுடைய சன்ஸ்விஃப்ட் 7 கார் 2022 டிசம்பரில் விக்டோரியா மாநிலத்துச் சோதனைத் தடம் ஒன்றில் 1,000 கிலோமீட்டரை 11 மணி 53 நிமிடம் 32 விநாடியில் முடித்து, ஒரே சார்ஜில் அந்தத் தொலைவை மிக விரைவாகக் கடந்த மின்கார் என்று கின்னஸில் பதிவானது. இங்கே அளவுகோலே நேரம்தான். தொலைவை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டு எவ்வளவு விரைவில் முடிக்கிறாய் என்று கேட்கிறார்கள். நெடுந்தொலைவுச் சாதனைகள் எல்லாமே இப்படி எழுதப்பட்டால் என் போன்றவர்களுக்கு வேலை மிச்சம்.

2025 ஜூலையில் லூசிட் ஏர் கிராண்ட் டூரிங் கார் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸிலிருந்து மியூனிக் வரை 1,205 கிலோமீட்டர் ஓடி, கின்னஸில் இருந்த முந்தைய சாதனையை 160 கிலோமீட்டரால் முந்தியது. மிக நல்ல கார். பொதுச் சாலையில் நடந்த ஓட்டம். ஆனால் செயின்ட் மோரிட்ஸ் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மியூனிக் 520 மீட்டரில். ஏறத்தாழ 2,400 கிலோ எடையுள்ள கார் 1,280 மீட்டர் கீழே இறங்கும்போது புவியீர்ப்பு அதற்கு இலவசமாகக் கொடுப்பது 8 யூனிட்டுக்கும் சற்று மேல். அந்த ஓட்டத்தில் கார் செலவிட்ட விகிதத்தில் அது 80 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. முந்திய 160 கிலோமீட்டரில் பாதியை மலை கொடுத்திருக்கிறது என்று சொன்னால் லூசிட் ரசிகர்கள் கோபிக்கக்கூடாது. மலை இல்லாவிட்டாலும் அவர்கள் முந்தியிருப்பார்கள்.

வழியில் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று அனுமதித்துவிட்டால் போட்டியின் இயல்பே மாறிவிடுகிறது. பேட்டரியின் சிக்கனம் பின்னுக்குப் போய், எவ்வளவு விரைவாக மின்சாரத்தை உள்ளே தள்ள முடியும், தள்ளும்போது எழும் சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பவை முன்னுக்கு வருகின்றன. இதன் தொடக்கமாக நான் கருதுவது 1968 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய ஒரு பந்தயம். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து எம்ஐடி மாணவர்கள் ஒரு ஷெவர்லே கார்வேரிலும், மேற்குக் கரையிலிருந்து கால்டெக் மாணவர்கள் ஒரு பழைய வோக்ஸ்வேகன் மைக்ரோபஸ்ஸிலும், இரண்டும் அவர்களே மின்சாரத்துக்கு மாற்றியவை, ஒரே நேரத்தில் புறப்பட்டு எதிரணியின் கல்லூரி வாசலை நோக்கி ஓடினார்கள். தொலைவு ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர். வழிநெடுக 54 இடங்களில் சார்ஜ் செய்ய ஏற்பாடு. எம்ஐடியிடம் விலையுயர்ந்த நிக்கல் காட்மியம் பேட்டரி, கால்டெக்கிடம் ஈய அமில பேட்டரி. வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போது சூடேறிய பேட்டரிகளைப் பனிக்கட்டி கொண்டு குளிரவைக்க வேண்டியிருந்தது. எம்ஐடியின் வண்டிதான் முதலில் இலக்கை அடைந்தது. ஆனால் வழியில் பழுதாகி இழுத்துச் செல்லப்பட்ட தொலைவுக்கான தண்டனை நிமிடங்களைக் கூட்டியபோது கால்டெக் அரை மணி நேர வித்தியாசத்தில் வென்றது. மொத்தம் 210 மணி நேரம். கால்டெக் வண்டியைக் கட்டிய மாணவர் வாலி ரிப்பல் பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் இம்பாக்ட் மின்சாரக் காரிலும், அதன்பின் டெஸ்லாவிலும் பணியாற்றினார்.

அந்தப் பனிக்கட்டிக்கு இன்றைய வாரிசு இத்தாலியின் நார்டோ வட்டத் தடத்தில் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் போர்ஷே டைக்கான் அங்கே 24 மணி நேரத்தில் 3,425 கிலோமீட்டர் ஓடியது. 2024 ஏப்ரலில் மெர்சிடீஸ் சிஎல்ஏ 3,717 கிலோமீட்டராக அதை உயர்த்தியது. 2025இல் சீனாவின் ஷாவ்மி 3,944 கிலோமீட்டரும், எக்ஸ்பெங் 3,961 கிலோமீட்டரும் தம் நாட்டுத் தடத்தில் ஓட்டின. பிறகு அதே ஆகஸ்டில், அதாவது சில்வராடோ மிச்சிகனில் ஊர்ந்துகொண்டிருந்த செய்தி வந்த அதே மாதத்தில், மெர்சிடீஸ் ஏஎம்ஜியின் ஜிடி எக்ஸ்எக்ஸ் சோதனைக் கார் 24 மணி நேரத்தில் 5,479 கிலோமீட்டர் ஓடி எல்லாவற்றையும் பழைய கதையாக்கியது. 24 மணியோடு முடித்துக்கொள்ளாமல் தொடர்ந்து ஓடி, பூமியின் நிலநடுக்கோட்டுச் சுற்றளவான 40,075 கிலோமீட்டரை 7 நாள் 13 மணி 24 நிமிடத்தில் முடித்தது. ஓடிய வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர். அதற்கு மேல் வேகமாகப் போனால் சார்ஜ் செய்ய நிற்கும் நேரம் கூடி மொத்தத்தில் நட்டமாகும் என்று கணக்கிட்டே அந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சார்ஜ் ஏற்றிய திறன் சராசரியாக 850 கிலோவாட். ஒவ்வொரு செல்லையும் எண்ணெய் சூழ்ந்து நேரடியாகக் குளிரவைக்கும் அமைப்பு இல்லாமல் அத்தனை மின்சாரத்தை மீண்டும் மீண்டும் உள்ளே தள்ளியிருக்க முடியாது.

ஓடிய நேரம் முழுவதும் 300 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், 40,075 கிலோமீட்டருக்கு 134 மணி நேரம் போதும். எடுத்துக்கொண்டதோ 181 மணிக்கு மேல். ஆக, மொத்த நேரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சார்ஜ் செய்வதிலும் ஓட்டுநர் மாற்றத்திலும் போயிருக்கிறது. உலகின் மிக வேகமான சார்ஜர்களில் ஒன்றை வைத்துக்கொண்டும் இதுதான் நிலை.

உலகைச் சுற்றிய பயணங்களைப் பற்றி இங்கே விரித்து எழுதப் போவதில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பட்டதாரிகள் 2010இல் அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் தென்முனை வரை 26,000 கிலோமீட்டர் ஓட்டியதும், நெதர்லாந்தின் வீபெ வாக்கர் 2016 முதல் 2019 வரை, முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் சார்ஜ் செய்துகொண்டு ஏறத்தாழ 95,000 கிலோமீட்டர் பயணம் செய்து சிட்னியை அடைந்ததும் காரைவிட மனிதர்களைப் பற்றிய கதைகள். அவற்றுக்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும்.

நம் நாட்டில் நடந்தவற்றில் காஷ்மீர் கன்னியாகுமரிச் சாதனை இந்தப் பார்வைக்கு நன்றாகப் பொருந்துகிறது. 2023 பிப்ரவரியில் டாடா நெக்ஸான் ஈவி, ஸ்ரீநகருக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே 4,003 கிலோமீட்டரை 95 மணி 46 நிமிடத்தில் கடந்தது. சார்ஜ் செய்ய நின்றது 28 மணி நேரம். 2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் கர்வ் ஈவி, அதே இரு முனைகளுக்கு இடையே 3,800 கிலோமீட்டரை 76 மணி 35 நிமிடத்தில் முடித்தது. சார்ஜ் செய்ய நின்றது 17 மணி நேரம். மிச்சமானது 19 மணி நேரம். சார்ஜ் நேரத்தைக் கழித்துவிட்டு ஓடிய நேரத்தை மட்டும் வைத்துச் சராசரி பார்த்தால், முதல் காருக்கு மணிக்கு 59 கிலோமீட்டர், இரண்டாவதற்கு 64. சாலையும் நெரிசலும் சோதனைச்சாவடியும் இரண்டுக்கும் பொதுவானவை. இதில் பெரிய முன்னேற்றம் வருவதற்கு வழியில்லை. இரண்டாவது கார் ஓடிய தொலைவு 200 கிலோமீட்டர் குறைவு என்பதால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அதிலேயே கிடைத்துவிட்டது. எஞ்சியதில் பெரும்பகுதி, 11 மணி நேரம், முழுக்க முழுக்கச் சார்ஜரின் அருகே மிச்சப்படுத்தியது. நார்டோவில் நான்கில் ஒரு பங்கு நேரத்தைச் சார்ஜருக்குக் கொடுத்தார்கள். கர்வ் கொடுத்தது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அடுத்து யாராவது இந்தச் சாதனையை முறியடித்தால் நான் முதலில் பார்க்கப்போவது அந்தப் பதினேழு மணி நேரம் எவ்வளவாகக் குறைந்திருக்கிறது என்பதைத்தான்.